சுகமில்லை என்று சொன்ன வெள்ளிக்கிழமை

போன மாதம் எங்கள் லூத்தரன் சபை மண்டபத்தில், துறைமுக ஊழியத்துக்குப் புதிதாகப் பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஓய்வுபெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு கதிரை போட்டு இருத்தினார்கள். இரண்டு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எனக்கு லேசில் வருகிற காரியமில்லை. கடைசியில் வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

“அன்ரி, இப்ப எல்லாக் கப்பலிலயும் இன்ரநெற் இருக்கு. வீட்டில ஒரு சாவெண்டா எங்களுக்கு முன்னமே அவைக்குத் தெரிஞ்சிடும். பிறகேன் சாவுச் செய்தி சொல்லுறதுக்கெண்டு ஒரு பாடம்?”

நியாயமான கேள்விதான். எனக்குத்தான் சுள்ளென்று கோபம் வந்தது. “தெரிய வந்தா நல்லது, பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. அது அந்தப் பிள்ளைமேல் வந்த கோபமில்லை என்று விளங்க இரண்டு நாள் பிடித்தது. அவளுக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடம் இந்தச் சபையின் ஊழியக்காரியாக இருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போவோம். கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போகமுடியாத நாட்களில் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவோம். புதனும் வெள்ளியும் துறைமுகம். வந்து நிற்கிற கப்பல்களில் ஏறி, மாதக்கணக்காக மண் மிதிக்காத மாலுமிகளைப் பார்ப்பதுதான் அந்த ஊழியம். முதல் நாள் நான் சேலையோடு போய், கப்பலின் தொங்குபடியில் பாதி வழியில் நின்று ஏறவும் ஏலாமல் இறங்கவும் ஏலாமல் விழித்ததை, கூட வந்த தொண்டர்கள் பத்து வருடமாகச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாளே இரண்டு சுரிதார் தைப்பித்தேன். பயிற்சி என்று நான் பெற்றது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பொன்னுத்துரை ஐயாவைப் பார்த்துப் படித்தது.

ஐயா துறைமுகத்தில் களஞ்சியக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் மூப்பர்களில் ஒருவர், துறைமுக ஊழியத்துக்குப் பொறுப்பாளர். இறந்து நான்கு வருடமாகிறது. மெலிந்த மனிதர், வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருந்தும் கடைசிவரை “நீங்கள்” என்றுதான் என்னோடு கதைத்தார். அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: பாவம். “கப்பலுக்குள்ள அந்தச் சொல்லைக் கொண்டு வராதேங்கோ, கிறேஸ். நாங்கள் பாவம் பார்க்கப் போகேல்ல, ஆளைப் பார்க்கப் போறம்” என்பார். எனக்கோ வாயைத் திறந்தால் முதல் வருவது அதுதான்.

எங்கள் முறை இப்படி. வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். எப்போதும் இரண்டு பேராகத்தான் ஏற வேண்டும். உள்ளே போகுமுன் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சமையற்காரருக்குத் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டறையில் இருக்க வேண்டும். மதம் கேட்கக்கூடாது, சம்பளம் கேட்கக்கூடாது. வீட்டுக்குக் கதைக்க ஆசைப்பட்டால் நம்முடைய ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

சாவுச் செய்திக்கு மட்டும் ஐயா தனி முறை வைத்திருந்தார். வீட்டிலிருந்து செய்தி வந்தால், இறந்தவரின் முழுப்பெயர், இறந்த நேரம், அடக்க நேரம் மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். முதலில் கப்டனிடம் போக வேண்டும். ஆளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும், ஏணியிலோ உயரத்திலோ நிற்கிறவனிடம் சொல்லக்கூடாது. கப்டனிடம் முதலில் போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெற்றோர், மனைவி, பிள்ளை இறந்தால் அநேகமான கப்டன்மார் அன்றைக்கே ஆளை இறக்கி அனுப்ப ஒழுங்கு செய்வார்கள். பிறகு அவனை இருத்தி, எதிரே நாமும் இருந்து, முதல் வசனத்திலேயே சொல்லிவிட வேண்டும். இறந்துவிட்டார் என்ற சொல்லால் சொல்ல வேண்டும். காலமானார் கூடாது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று கோயிலில் அறிவிக்கிற அதே ஐயா, கப்பலில் அதைத் தொடவே விடமாட்டார். சொன்ன பிறகு அரை மணித்தியாலம் எழும்பக்கூடாது. அவன் கேட்காமல் ஜெபிக்கக்கூடாது.

“வீட்டுக்காரர் இப்ப சொல்ல வேண்டாமெண்டு கேட்டா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கேட்பினம். பயத்தில கேட்கிறது. நாங்கள் அவைக்காகப் போகேல்ல, கப்பலில இருக்கிறவனுக்காகப் போறம்.”

ஒரு பிலிப்பைன்ஸ் சமையற்காரரின் மனைவி இறந்தபோது ஐயாவோடு நானும் போனேன். அவர் கை முழுக்கக் கோதுமை மாவோடு வந்து இருந்தார். ஐயா ஒரே வசனத்தில் சொன்னார். அந்த மனிதர் மேசையை ஓங்கி ஓங்கிக் குத்தினார், மாவு பறந்து ஐயாவின் மூக்குக்கண்ணாடியெல்லாம் படிந்தது. ஐயா அதைத் துடைக்கவில்லை. அரை மணித்தியாலமும் அப்படியே இருந்தார். அந்த அரை மணித்தியாலம் எனக்குத் தாங்க முடியவில்லை. இவ்வளவு கல்நெஞ்சு ஏன், கொஞ்சம் மெல்ல மெல்லச் சொன்னால் என்ன என்று மனதுக்குள் ஐயாவோடு சண்டை பிடித்தேன். வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, சீமெந்துக்கு மூலப்பொருள் ஏற்றிவந்த கப்பலொன்று இயந்திரம் பழுதாகி இறங்குதுறையில் கட்டிக் கிடந்தது. உதிரிப்பாகம் வரும்வரை போக ஏலாது. அதில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை, பெயர் ஜெயசீலன். தரங்கம்பாடிப் பக்கம், இருபத்தாறு வயது, எங்களைப் போலவே லூத்தரன் குடும்பம். நான் கேட்கவில்லை, தானாகச் சொன்னான். என்னுடைய தமிழைக் கேட்டதும் சந்தோசத்தில் கையிலிருந்த வர்ணத் தூரிகையைக் கீழே போட்டுவிட்டான்.

“அக்கா, ஆறு மாசமா யாருகூடவும் தமிழ் பேசல. திட்டுறதாருந்தாலும் தமிழ்ல திட்டுங்க.”

என்னுடைய ரெலிபோனில் வீட்டுக்குக் கதைத்தான். தாய் எஸ்தர் கமலத்தோடு என்னையும் கதைக்க வைத்தான். “புள்ள ஒழுங்கா சாப்பிடுறானாம்மா?” என்று அந்த மனுசி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மூன்று கிழமைக்குள் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அனுமதி எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு வருவான். அடித்தொண்டையில் பாடுவான், சுருதி சேராது. எங்கள் பாடகர் குழு அவனுக்காகவே சத்தமாகப் பாடத் தொடங்கியது.

அந்தக் கிழமை ஐயா கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு எனக்கு ரெலிபோன் வந்தது. ஜெயசீலனின் அண்ணன்.

“மேடம், அம்மா விடிகாலைல நாலு மணிக்குத் தவறிட்டாங்க. தூக்கத்துலயே. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். தம்பிக்கிட்ட இப்ப சொல்லிடாதீங்க. எப்படியும் அவனால வர முடியாது. கடல் ஓரத்துல இருக்கான், ஏதாச்சும் பண்ணிப்பான். சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லி வைங்க. அடக்கம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன்.”

மூன்று விபரமும் நான் கேட்காமலே கையில் வந்துவிட்டன. அடுத்து செய்யவேண்டியது கப்டனிடம் போவது. அது எனக்கு மனப்பாடம்.

நான் ஐயாவுக்கு அழைக்கவில்லை. கண் கட்டோடு இருக்கிற மனிதரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழைத்தால் என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் அழைக்கவில்லை.

என்னுடைய அப்பா எங்கள் ஊரான திரியாயில் இறந்தபோது நான் கண்டியில் ஒரு விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். “அப்பாவுக்குக் கொஞ்சம் கடும் சுகமில்லை, வா” என்றுதான் எனக்கும் செய்தி வந்தது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் வழக்கம், தூரத்தில் இருக்கிறவருக்கு நேரே சொல்லமாட்டார்கள். பஸ் கந்தளாயில் நின்றபோது இறங்கி அப்பாவுக்கென்று தோடம்பழம் வாங்கினேன். வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பியபோது பறைச் சத்தம் கேட்டது. அந்தப் பையை யார் என் கையிலிருந்து வாங்கினார்கள் என்றுகூட நினைவில்லை. ஆனால் பஸ்ஸில் இருந்த அந்த ஏழெட்டு மணித்தியாலமும் எனக்கு அப்பா இருந்தாரே, அது ஒரு கருணைதானே என்று பல வருடம் நினைத்திருந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். பாவம், பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் தாய் இருக்கட்டும்.

அன்று என்னோடு வரவேண்டிய தொண்டருக்குக் காய்ச்சல். தனியாகவே போனேன். கப்டனின் அறைக்குப் போகவில்லை. ஜெயசீலனைக் கீழே இறங்குதுறைக்குக் கூப்பிட்டு, வெயிலில் நிற்க வைத்தே சொன்னேன்.

“தம்பி, அம்மாவுக்குக் கடும் சுகமில்லையாம். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கினமாம்.”

அவன் முகம் வெளிறியது. உடனே அண்ணனுக்கு அழைத்தான். அண்ணனும் அதையேதான் சொன்னான். ஐசியுவுக்குள் இருக்கிறா, ரெலிபோன் கொடுக்க ஏலாது, ஜெபம் பண்ணு. ஜெயசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்டனிடம் லீவு கேட்கப் போகிறேன் என்று படியேறி ஓடினான். நான் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் அழைத்தான்.

“அக்கா, கேப்டன் கம்பெனிக்குக் கேட்டாரு. சீரியஸ்னா விட முடியாதாம். இறந்தா மட்டும்தான் எறக்கி விடுவாங்களாம். அப்படின்னா இன்னிக்கே வண்டி ஏத்தி, நாளைக்குக் காலைல திருச்சி ஃபிளைட்ல அனுப்பிருவோம்னு ஏஜெண்டும் சொல்றாரு. நான் சொல்லிட்டேன் அக்கா, அப்படி ஒரு லீவு எனக்கு வேணவே வேணாம், எங்கம்மா பொழச்சு வரட்டும்னு. சரியாத்தானே சொன்னேன்?”

இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன். இரவோடு இரவாகக் கொழும்பு, காலையில் விமானம், மத்தியானம் கடந்ததும் வீடு. அடக்கம் நாலு மணிக்கு. நேரம் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் காலையில் பொய் சொன்னவள் பின்னேரம் என்ன முகத்தோடு மாற்றிச் சொல்வது? என் முகத்தைப் பற்றித்தான் அந்த நேரம் யோசித்தேன்.

“ஓம் தம்பி, சரி” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை ஜெபத்துல அம்மா பேரைச் சேர்த்துடுங்கக்கா.”

ஆராதனையில் நோயாளிகளுக்காகச் செய்யும் ஜெபத்துக்குப் பெயர்களை எழுதிப் போதகரிடம் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை பின்னேரம் எழுத இருந்தேன். மணி நாலரை. அங்கே மண் போட்டு முடிந்திருக்கும். படுக்கையில் இருக்கிற எங்கள் ஆட்களின் பெயர்களுக்குக் கீழே, சகோதரி எஸ்தர் கமலம், தரங்கம்பாடி என்று என் கையால் எழுதினேன். அடக்கத்துக்கு வந்த ஆட்கள் போனதும், ஞாயிறு பின்னேரம் சொல்லிக்கொள்வதாக அண்ணன் மத்தியானம் அழைத்துச் சொல்லியிருந்தான். அதுவரைக்கும்தானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசை வாங்கில் வந்து இருந்தான். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் உபவாசம் இருந்த முகம். கொழும்பிலிருந்து காலை வந்திறங்கிய ஐயா, ஒரு கண்ணில் கட்டோடு எனக்குப் பக்கத்தில் இருந்தார். போதகர் பெயர்களை வாசித்தார். சகோதரி எஸ்தர் கமலத்தைத் தொட்டுச் சுகமாக்கும்படி கேட்டபோது ஜெயசீலன் முழங்காலில் நின்றான். ஆமென் என்று சபை முழுவதும் சொன்னது. எல்லோருக்கும் மேலாக அவனுடைய குரல் கேட்டது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஐயா என்னைக் கோயிலின் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

“கிறேஸ், நீங்கள் ஆமென் சொல்லேல்ல.”

நான் அழத் தொடங்கினேன். அவர் அழுது முடியும்வரை நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தனை மணிக்குச் செய்தி வந்தது?”

“வெள்ளி காலமை எட்டரைக்கு.”

“அடக்கம்?”

“நேற்று நாலு மணிக்கு.”

“அப்ப போய்ச் சேர்ந்திருப்பான்.”

“ஓம், ஐயா.”

“எனக்கேன் ரெலிபோன் எடுக்கேல்ல?”

“எடுத்தா, சொல்லச் சொல்லுவீங்களெண்டு தெரியும்.”

அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கட்டுப்போடாத கண்ணை மட்டும் துடைத்துவிட்டு, “வாங்கோ, நான் பக்கத்தில இருப்பன். சொல்லுறது நீங்கள்தான்” என்றார்.

கோயில் வெறுமையாகியிருந்தது. ஜெயசீலன் அதே வாங்கில் இருந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு கதிரையை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு இருந்தேன்.

“ஜெயசீலன், உங்கட அம்மா எஸ்தர் கமலம் வெள்ளிக்கிழமை விடிய நாலு மணிக்கு இறந்திட்டா. நேற்றுப் பின்னேரம் அடக்கம் பண்ணிட்டினம்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். “இல்லக்கா, சீரியஸ்தானே. அண்ணன் நேத்துகூட...” என்று தொடங்கி நிறுத்தினான். என்னைப் பார்த்தான், ஐயாவைப் பார்த்தான்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“வெள்ளி காலமை.”

“அப்போ, சாயங்காலம் நான் போன் பண்ணப்ப?”

“தெரியும்.”

“கேப்டன் சொன்னதை உங்கக்கிட்ட சொன்னேனே. இறந்தா விடுவாங்கன்னு சொன்னேனே.”

“ஓம், சொன்னீங்கள்.”

அவன் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு மிகவும் மெல்லிய குரலில் கேட்டான். “இன்னிக்கு எல்லாரும் ஆமென் சொன்னாங்களே. அவங்க எல்லாருக்கும் தெரியுமா?”

“இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அவன் ஐயாவிடம் திரும்பினான். “ஐயா, நீங்க கொஞ்ச நேரம் இருங்க. அவங்க போகட்டும்.”

அந்த அரை மணித்தியாலத்தை என்னால் தாங்க ஏலாது என்று முன்பு சொன்னேனே, அன்று அதில் இருக்க எனக்கு அனுமதியே இல்லை. சபைக் குசினிக்குப் போய், தேத்தண்ணீர் குடித்து வைத்திருந்த கோப்பைகளையெல்லாம் கழுவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்தி அழுதது கேட்டது. ஐயாவின் குரல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

எனக்கு வேலையை விட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஐயாவிடம் சொன்னேன். “புதன்கிழமை ஒன்பது மணிக்கு வாசலடியில நில்லுங்கோ” என்றார்.

புதன்கிழமை போனோம். கப்பலில் ஏறும் படியின் உச்சியில் ஒரு காவல் ஆள் நிற்பான், ஏறுகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான். அன்று காவல் ஜெயசீலனுக்கு; அடக்கம் முடிந்த பிறகு எதற்கு என்று அவன் லீவே கேட்கவில்லையாம். முன்பெல்லாம் நான் பாதிப் படியில் வரும்போதே “வாங்கக்கா” என்று சத்தம் போட்டு, நான் மேலே வந்து சேருமுன் தானே என் பெயரை எழுதி வைத்துவிடுவான். ஐயா முன்னால் ஏறினார். அவருடைய கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, பெயரைக் கேட்காமலே எழுதினான். பிறகு நான் வந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழி முழுக்க வசனம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. குரலில் கோபம் இல்லை, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது.

“உங்க பேரு சொல்லுங்க, மேடம்.”

சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, கையொப்பம் வைக்கப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினான்.